அச்சம் விற்பனைக்கு!

அச்சத்தைப் போல் எளிதில் விலைபோகும் சரக்கு அங்காடியில் வேறொன்று இல்லை. பருத்திக்கு விலை ஏறும், இறங்கும். பருப்புக்கு விலை ஏறும், இறங்கும். அச்சத்துக்கு மட்டும் ஏறுமுகம்தான், என்றென்றும் ஏறுமுகம்தான்! பேயை விரட்டத் தாயத்து விற்றவன் அன்று இருந்தான். கோளின் கோபத்தைத் தணிக்கக் கல் விற்றவன் நேற்று இருந்தான். இன்றோ கணினித் திரையிலே ஒரு செந்நிறப் பெட்டி எழுகிறது. “உன் கணினி பேராபத்தில் இருக்கிறது, உடனே பணம் கட்டு” என்று உறுமுகிறது. தாயத்துக்காரனாவது தமிழிலே மிரட்டினான். இந்தப் பெட்டி ஆங்கிலத்திலே மிரட்டுகிறது!

தோழர்களே! அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழ்பவர்கள் பெட்டியைக் கண்டு அஞ்சும் பேதைகளா? 1964-இல் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்தெடுக்கும் கைகள் நம்முடையவை. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் ‘விஜயந்தா’ டாங்கி உருண்டு வந்ததே, அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு நம்முடையது. பகைவனின் குண்டைத் தாங்கும் கவச வண்டி செய்யத் தெரிந்தவன் வீட்டிலே, பொய்ப் பெட்டியொன்று புகுந்து அவனது மாதச் சம்பளத்தில் பங்கு கேட்கிறது. அவனும் எடுத்துக் கொடுக்கிறான். இது விந்தையா, வேதனையா?

வேதனையே! ஏனெனில் அவன் வீட்டுக் கணினி ஆடம்பரத்துக்கு வாங்கியதன்று. மகளின் பாடம் அதிலே இருக்கிறது. மகனின் வேலை விண்ணப்பம் அதிலே இருக்கிறது. மின்கட்டணம், வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, மறைந்துவிட்ட தாயின் நிழற்படம், எல்லாம் அதிலே இருக்கின்றன. இருப்பது அத்தனையும் ஒரே பெட்டியில் இருக்கும்போது, “போய்விடும், போய்விடும்” என்று ஒருவன் கூவினால் நெஞ்சு நடுங்காதா? அந்த நடுக்கத்தைத்தான் காசாக்குகிறார்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆபத்து உண்டு. 2017 மே 12 அன்று ‘வானாக்ரை’ என்னும் நச்சுநிரல் உலகைச் சுற்றி வளைத்தது. சுமார் 150 நாடுகளில் கணினிகள் பூட்டப்பட்டன. திறப்பதற்குப் பணயத்தொகை கேட்கப்பட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நம் கூடங்குளத்தின் கதை என்ன? 2019 அக்டோபரில், அணுமின் நிலையத்துக்குள் நச்சுநிரல் புகுந்தது என்ற செய்தி வந்தவுடன், “அதெல்லாம் நடக்கவே இயலாது” என்று மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான வலையமைப்போடு இணைந்த ஒரு கணினியில் அது புகுந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனித்திருந்ததால் தீங்கு நேரவில்லை என்றும் சொன்னது. அணுமின் நிலையத்து வேலியையே தாண்டி வரும் பகை, அயப்பாக்கத்து வீட்டின் திண்ணையைத் தாண்டி வராதா? வரும்!

ஆனால் கேளுங்கள். வானாக்ரை எந்தக் கதவின் வழியே வந்ததோ, அந்தக் கதவுக்கான தாழ்ப்பாளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 மார்ச் மாதத்திலேயே விலையின்றி வழங்கியிருந்தது. இரண்டு மாத அவகாசம்! அந்தத் திருத்தத்தை ஏற்றிக்கொண்டவன் அந்தக் கதவைப் பொறுத்தவரை அச்சமின்றி உறங்கினான். “பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம்” என்று தள்ளிப் போட்டவன் தவித்தான். அங்கே வென்றதும் தோற்றதும் பணத்தால் அன்று, விழிப்பால்! இதைக் கடைக்காரர் சொல்வாரா? சொன்னால் கல்லா நிறையுமா?

கடைமுன் நடக்கும் காட்சி ஒன்றை நாடகமாகவே தருகிறேன்.

விற்பவர்: ஐயா, கணினி வாங்கிவிட்டீர்கள். காவல் வேண்டாமா? ஓராண்டுக்கு ஒரு விலை. மூன்றாண்டுக்கு வாங்கினால் ஒரு விலை.

வாங்குபவர்: விண்டோஸிலேயே ‘டிபெண்டர்’ என்று ஒரு காவலன் இருக்கிறானாமே? என் மகள் சொன்னாள்.

விற்பவர்: இருக்கிறான் ஐயா, இருக்கிறான். ஆனால் அவன் இலவசம். இலவசத்துக்கு ஏது வலிமை?

வாங்குபவர்: காற்றும் இலவசம்தானே தம்பி? அதற்கு வலிமை இல்லை என்று புயல் நாளில் வந்து சொல்லுங்கள்!

அந்த மகள் சொன்னது மெய். 2012-இல் விண்டோஸ் 8 வந்த நாள் முதல், ஆன்டிவைரஸ் காவல் அதனுள்ளேயே அமைந்து வருகிறது. விண்டோஸ் 10-இலும் 11-இலும் உண்டு. தனிக் கட்டணம் இல்லை. வேறொரு காவல் மென்பொருளை நிறுவினால் அது தானே ஒதுங்கி நிற்கும். அந்த மென்பொருளை நீக்கினால் தானே திரும்பி வரும். தொடக்க ஆண்டுகளில் அது சோதனைகளில் பின்தங்கியது உண்மை. மறைக்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் செர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ‘ஏவி-டெஸ்ட்’ என்னும் சோதனைக்கூடத்தில் அது முழு மதிப்பெண் பெற்ற தடவைகள் பல. பழைய தோல்வியை மட்டும் பாடிப் பணம் பறிப்பது, பத்தாம் வகுப்பில் தேறியவனைப் பார்த்து “நீ மூன்றாம் வகுப்பில் தவறியவன்தானே” என்று ஏளனம் செய்வதற்கு ஒப்பாகும்.

“அப்படியானால் விலைகொடுத்து வாங்கும் காவல் அனைத்தும் வீண் என்கிறாயா?” என்று கேட்பீர்கள். இல்லை. பிள்ளைகள் காணும் தளங்களைக் கட்டுப்படுத்த விரும்பும் பெற்றோர், ஐந்தாறு கருவிகளை ஒரே குடைக்கீழ்க் காக்க வேண்டிய குடும்பம், பட்டியலும் கணக்கும் கணினியிலே வைத்திருக்கும் சிறு பட்டறை உரிமையாளர், இடர் வந்தால் தொலைபேசியில் உதவ ஆள் வேண்டும் என்போர் வாங்கலாம். 1990-களின் தொடக்கத்தில் நம் சென்னையிலே பிறந்து, கடல் கடந்து ஜப்பானியர் வீட்டுக் கணினிகள் வரை சென்றது ‘கே7’. கால்குலேட்டர் பழுதுபார்த்த கைலாஷ் கட்கர், தம்பி சஞ்சயோடு சேர்ந்து புனேயில் வளர்த்தது ‘குவிக்ஹீல்’. பெரும் பட்டங்கள் வழிநடத்தாமலே அறிவு வளரும் என்பதற்குச் சான்று அந்தக் கட்கர். கல்லூரியைப் பாதியில் விட்டு வந்த எனக்கு அதிலே தனி மகிழ்ச்சி! ஆயினும், நம்மூர்ச் சரக்கு என்ற பெருமிதம் வேறு, நல்ல சரக்கு என்ற சான்று வேறு. மாக்டபர்க்கின் ஏவி-டெஸ்டும், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரத்து ‘ஏவி-கம்பாரட்டிவ்ஸ்’ கூடமும் சோதனை முடிவுகளை எவரும் காண வெளியிடுகின்றன. அதைப் பார்த்து வாங்குங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட சிங்கத்தின் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்!

இன்னொன்றும் கேட்க வேண்டும். காவலனுக்குக் காவலன் யார்? வீட்டின் சாவி, பெட்டியின் சாவி, பூசையறைச் சாவி அத்தனையும் காவலனிடம் கொடுத்துவிட்டோம். அவன் இரவிலே என்ன செய்கிறான்?

‘அவாஸ்ட்’ என்றொரு நிறுவனம். இலவசக் காவல் தந்தது, கோடிக்கணக்கானோர் நம்பினார்கள். அந்த மக்கள் எந்தெந்தத் தளங்களுக்குச் சென்றார்கள் என்ற விவரத்தை அதன் துணை நிறுவனமான ‘ஜம்ப்ஷாட்’ விற்று வந்தது 2020 சனவரியில் அம்பலமாயிற்று. கடையை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 இலட்சம் டாலர் கட்டச் சொன்னது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, இங்கே மேய்ந்ததோடு நில்லாமல் சந்தையிலும் விற்றது!

அதே 2024-இல், ருஷ்ய நிறுவனமான ‘காஸ்பர்ஸ்கி’யின் மென்பொருளை அமெரிக்க அரசு தன் நாட்டில் தடை செய்தது. குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது. வல்லரசுகளின் வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் அங்கிருந்த வாடிக்கையாளர் பலர் ஒரு காலை கண்விழித்தபோது, பழைய காவலன் போய்விட்டான். முன்பின் அறியாத ‘அல்ட்ராஏவி’ என்ற புதிய காவலன் வாயிலில் நின்றான்! அதே ஆண்டு சூலை 19 அன்று, நிறுவனங்களுக்குக் காவல் விற்கும் ‘கிரவுட்ஸ்டிரைக்’ அனுப்பிய பிழையான திருத்தம் ஒன்று, சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிப் போட்டது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் தந்தார்கள். திருடன் வரவில்லை, காவலனே கதவில் இடறி விழுந்தான். ஆகவே காவலனை அமர்த்துமுன் கேளுங்கள்: என் விவரம் எங்கே போகிறது? சோதனைக்கூடம் என்ன சொன்னது? இரண்டாம் ஆண்டுக் கட்டணம் என்ன? என்னைக் கேளாமல் தானே பணம் பிடிப்பாயா? வேண்டாம் என்றால் எளிதில் வெளியேறுவாயா? இவ்வைந்துக்கும் நேரிய விடை தராதவன் எவனாயினும் வாசற்படி ஏற்றாதீர்கள்.

இனி, நம் பக்கத்துப் பிழையையும் பேசுவோம். ஊரார் குற்றம் மட்டும் பேசுவது மேடைக்கு அழகு, வீட்டுக்கு உதவாது. திருட்டு விண்டோஸை ஏற்றிக்கொண்டு, பூட்டு உடைத்த ஆன்டிவைரஸை அதன்மேல் ஏற்றுவோர் நம்மிடையே இல்லையா? கள்வன் செய்து கொடுத்த பூட்டை நம்பிக் கதவைச் சாத்துவதா? நகலகத்தில் பத்துப் பேர் கணினியில் செருகிய பென் டிரைவை அப்படியே வீட்டுக் கணினியில் செருகுவதா? “உங்கள் ஆன்டிவைரஸ் தவணை முடிந்துவிட்டது, நாங்களே புதுப்பித்துத் தருகிறோம், இந்தச் செயலியை நிறுவுங்கள்” என்று முகமறியாத குரல் பேசினால், அதன் கையில் கணினியை ஒப்படைப்பதா? ஒருமுறைக் கடவுச்சொல்லை நம் வாயாலே சொல்லிவிட்டால், உலகத்தின் எந்த மென்பொருள் நம் வாயை மூடும்?

இழந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். வெட்கம் திருடனுக்கு உரியது, பறிகொடுத்தவனுக்கு எதற்கு? பணம் போன அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறிக் கைமாறி ஓடுமுன் தடுத்து நிறுத்த விரைவு ஒன்றே வழி. 2022 முதல் நம் பகுதிக்கென ஆவடியிலே காவல் ஆணையரகம் இயங்குகிறது. எழுத்தில் முறையிடுங்கள்.

அரசுகளைக் கேட்க வேண்டியதும் உண்டு. 2017-இல் மத்திய அரசு ‘சைபர் சுவச்சதா கேந்திரா’ என்றொரு மையம் தொடங்கியது. கணினியைத் தூய்மைப்படுத்தும் கருவிகளை அது இலவசமாகத் தருகிறது. நல்ல செயல்; பாராட்டுவோம். ஆனால் திருமுல்லைவாயில் தாய்மார் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்? தெரிந்தாலும் அந்தப் பெயரை நாக்குச் சுளுக்காமல் சொல்ல இயலுமா? மக்களைக் காக்கப் பிறந்த மையத்துக்கு மக்கள் மொழியிலே ஒரு பெயர் கிடைக்கவில்லையா? 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சமதர்மப் பாணிச் சமுதாயம் என்று முழங்கியது. அந்த ஆவடியிலே, ஆங்கிலம் அறிந்தவன் ஒப்பந்தத்தைப் படித்துத் தப்புகிறான். அறியாதவன் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்திச் சிக்குகிறான். இதுவா சமதர்மம்? எச்சரிக்கை என்பது எவனுக்காக எழுதப்படுகிறதோ அவனுக்குப் புரிய வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு காவல் மென்பொருளும் விலையை, தவணையை, எச்சரிக்கையைத் தமிழில் சொல்லட்டும்! இ-சேவை மையங்களில் இதைச் சொல்லித்தர ஓர் ஆள் இருக்கட்டும்! பள்ளிப் பாடத்தில் இதற்குப் பத்துப் பக்கம் கிடைக்கட்டும்!

காலமும் நெருக்குகிறது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்வோர்க்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தது. நம் வீட்டுப் பழைய கணினிகள் பல, விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இல்லாதவை. கதவே உளுத்துப் போனபின் காவலனுக்குக் கூலி கொடுத்து என்ன பயன்? புதியது வாங்க வசதியற்றோர்க்கு லினக்ஸ் இருக்கிறது. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’, 2011-இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? அதற்கும் விழிப்பு வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் கப்பம் வேண்டாம்.

ஆகவே தோழர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கணினிக்கு வந்து காத்திருக்கும் திருத்தங்களை ஏற்றுங்கள். டிபெண்டர் விழித்திருக்கிறதா என்று பாருங்கள். தவணை முடிந்து, வேலையும் செய்யாமல் வழியையும் விடாமல் கிடக்கும் பழைய காவலனை நீக்குங்கள். மகளின் பாடத்தையும் தாயின் நிழற்படத்தையும் தனி வன்தட்டில் படியெடுத்து, கணினியிலிருந்து கழற்றி, பீரோவில் வையுங்கள். பணயத்தொகை கேட்பவன் வந்தால் படி நம்மிடம் இருக்கும், அவனிடம் ஏமாற்றம் இருக்கும். இத்தனையும் செய்த பிறகும் தேவை என்று தோன்றினால், ஐந்து வினாக்களையும் கையில் ஏந்திக் கடைக்குச் செல்லுங்கள்.

அறிந்து வாங்குவோம்; அஞ்சி வாங்கோம்!