முதல் வருஷத்துப் பெண்கள்

2023 மார்ச் 19. மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில், அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கியின் தேசிய இறுதிப் போட்டி. விஸ்கான்சினும் ஒஹாயோ ஸ்டேட்டும் அறுபது நிமிடம் மோதியதில் விழுந்தது ஒரே ஒரு கோல். அடித்தவர் கிர்ஸ்டன் சிம்ஸ், விஸ்கான்சினின் முதலாண்டு மாணவி. மறு வருஷம் மார்ச்சில், நியூ ஹாம்ப்ஷயரின் டர்ஹம் நகரில், இறுதிப் போட்டிக்கு வந்தவை அதே இரண்டு அணிகள். மறுபடியும் 1-0. இம்முறை ஜெயித்தது ஒஹாயோ ஸ்டேட். கோல் போட்ட ஜாய் டன்னும் முதலாண்டு மாணவிதான். அடுத்தடுத்த இரண்டு தேசியப் பட்டங்களை, கல்லூரிக்குள் கால்வைத்து ஒரு வருஷம்கூட ஆகாத இருவர் தீர்த்து வைத்துவிட்டார்கள்.

தற்செயல் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வருஷத்திலேயே கண்ணில் படும் வீராங்கனையைப் பார்த்ததும் ‘பிறவி மேதை’ என்று எழுதிவிட்டு நகர்வது விளையாட்டு நிருபர்களின் வழக்கம். ஆனால் இந்த ஆட்டத்தின் கதையை நாற்பது ஐம்பது வருஷம் பின்னோக்கிப் படித்தால் வேறொன்று தெரிகிறது. இந்தப் பெண்கள் கல்லூரிக்கு வருவதற்கு முந்தைய பத்து வருஷத்தில் ஊரும் பள்ளிக்கூடமும் சிறுமிகளுக்கு என்ன செய்து வைத்திருந்தன என்பதற்கான கணக்குத்தான் அவர்களுடைய முதலாண்டு ஆட்டம்.

முதலாண்டு மாணவர்களைப் பிரதான அணியில் ஆடவிடுவதில்லை என்பது அமெரிக்கக் கல்லூரிகளின் பழைய விதி. முதலில் படிப்பில் ஊன்றட்டும் என்று காரணம் சொன்னார்கள். 1965-இல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த லூ அல்சிண்டர், பின்னாளைய கரீம் அப்துல் ஜப்பார், அந்த வருஷம் முழுக்க முதலாண்டு அணியில்தான் கூடைப்பந்து ஆடினார். அந்த அணி, தேசிய சாம்பியனாக இருந்த தன் கல்லூரியின் பிரதான அணியையே 75-60 என்று தோற்கடித்தது. அப்போதும் விதி அசையவில்லை. ஹாக்கி உள்ளிட்ட பல ஆட்டங்களுக்கு 1968-இலும், கூடைப்பந்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் 1972-இலும் தடை நீங்கியது. கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்ததும் அந்த 1972-இல்தான். பிரவுன் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரிப் பெண்கள் 1960-களின் நடுவிலேயே ஓர் ஐஸ் ஹாக்கி அணியைக் கூட்டியிருந்தாலும், மற்ற கல்லூரிகளில் பெண்கள் அணிகள் பரவலாக முளைத்தது இந்தச் சட்டத்துக்குப் பிறகு. பனியில் விழாமல் சறுக்கத் தெரிந்த பத்துப் பதினைந்து பேரைச் சேர்ப்பதே பெரும் பாடு. அதில் முதலாண்டா நான்காமாண்டா என்று யார் பார்ப்பார்கள்?

1989-இல் பிராவிடன்ஸ் கல்லூரியில் சேர்ந்த கேமி கிரனாடோ அந்தக் காலத்தின் பெயர். இல்லினாய்ஸில் அண்ணன் தம்பிகளோடும் பையன்கள் அணிகளோடும் ஆடி வளர்ந்தவர். சேர்ந்த வருஷமே சிறந்த முதலாண்டு வீராங்கனை விருது, பிறகு தொடர்ந்து மூன்று வருஷமும் சிறந்த வீராங்கனை விருது, நான்கு வருஷத்தில் 139 கோல். மலைக்க வைக்கும் எண்தான். ஆனால் 1990-91-இல் அமெரிக்கா முழுவதும் ஹாக்கிச் சங்கத்தில் பதிவு செய்திருந்த பெண்கள் சுமார் 6,300 பேர். எதிரணியில் நேற்று ஸ்கேட் மாட்டியவர்களும் இருந்திருப்பார்கள். கிரனாடோவின் மேதைமை அவருடைய வீட்டில் விளைந்தது. அந்த வீட்டில் பிறக்காத எத்தனை கிரனாடோக்கள் ஸ்கேட்டையே பார்க்காமல் போனார்கள் என்ற கணக்கு எந்த ஆவணத்திலும் இல்லை.

பட்டம் வாங்கியபின் அவருக்கு ஆட இடமில்லை. அண்ணன் டோனி, ஆண்களின் தொழில்முறை லீகான என்.எச்.எல்.-இல் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். தங்கை தொடர்ந்து ஆட வேண்டும் என்பதற்காகவே மான்ட்ரியாலின் கன்கார்டியா பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்குப் போனார். பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் நுழைந்த 1998-இல், நகானோவில், கனடாவை 3-1 என்று வென்று தங்கம் வாங்கிய அமெரிக்க அணிக்கு அவரே கேப்டன்.

வீட்டில் விளைந்தது பொதுவெளியில் விளையத் தொடங்கிய இடம் மினசோட்டா. 1994-இல் அந்த மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அமைப்பு பெண்கள் ஹாக்கியை அதிகாரபூர்வ ஆட்டமாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் அதுவே முதல் மாநிலம். கேட்பதற்கு ஒரு கோப்பில் விழுந்த கையெழுத்து போலிருக்கும். நடைமுறையில் அது பனித்தள நேரம். இந்த ஆட்டத்தில் மட்டையையும் ஸ்கேட்டையும்விட அரிய பொருள் அதுதான். ஊருக்கு ஒன்றிரண்டு தளம். மாலை நேரம் பையன்களுக்கு, விடிவதற்கு முன்பும் இரவு வெகுநேரம் கழித்தும் மிச்சமிருப்பது மற்றவர்களுக்கு. பள்ளி அணி என்று ஆனதும் பயிற்சியாளருக்குச் சம்பளம் வந்தது, ஆட்டத்துக்குப் போக பஸ் வந்தது, 1995-இல் மாநிலப் போட்டியும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு திரும்பக்கூடிய ஒரு பயிற்சி நேரம் வந்தது.

ஈகன் என்ற ஊரில் ஏழாம் வகுப்பு படிக்கும்போதே உயர்நிலைப் பள்ளி அணியில் இடம்பிடித்த நடாலி டார்விட்ஸ் இந்த ஏற்பாட்டின் பிள்ளை. அவரைவிட இரண்டு வயது மூத்தவர் கிறிஸி வெண்டல். 1994-இல் லிட்டில் லீக் பேஸ்பால் உலகப் போட்டியில் பையன்கள் நடுவே கேட்சராக நின்றவர். இருவரும் 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிவிட்டு, அந்த இலையுதிர் காலத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவிகளாகச் சேர்ந்தார்கள். ஒலிம்பிக் பதக்கத்தோடு முதல் நாள் வகுப்புக்குப் போகிறவரை ‘புதுமுகம்’ என்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஒலிம்பிக் அணிக்காகக் கல்லூரியை ஒரு வருஷம் தள்ளிப்போடுவது இந்த ஆட்டத்தில் இன்றுவரை சகஜம். ஆகவே முதலாண்டுக்காரர் என்ற பட்டியலில் பதினெட்டு வயதுப் பெண்ணும் உலக சாம்பியன்ஷிப் ஆடிய பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். விருதுக் குழுக்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

டார்விட்ஸும் வெண்டலும் சேர்ந்த அதே 2002-இன் அக்டோபரில், கல்லூரிப் பெண்கள் ஹாக்கிக்கென்றே அமெரிக்காவில் கட்டப்பட்ட முதல் அரங்கமான ரிடர் அரினா அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் திறக்கப்பட்டது. 2004-இலும் 2005-இலும் மினசோட்டா தேசிய சாம்பியன். 2005 இறுதிப் போட்டியில் ஹார்வர்டுக்கு எதிராக 3-3 என்ற நிலையில், ஆட்டம் முடிய 1 நிமிடம் 8 விநாடி இருக்கும்போது வெற்றிக் கோலைப் போட்டவர் டார்விட்ஸ். பள்ளி அமைப்பு தலையசைத்ததிலிருந்து முதலாண்டு நட்சத்திரங்கள் வந்து சேர எட்டு வருஷம், கோப்பைக்குப் பத்து வருஷம். பொதுப்பணத்தைச் செலவிடுகிறவர்கள் பொறுமையோடு படிக்க வேண்டிய கால அட்டவணை இது.

இனி, முதலாண்டு ஆட்டம் என்றாலே எல்லோரும் சொல்லும் எண்ணுக்கு வருவோம். கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு வழிசெய்த பாஸுக்கு ஒரு புள்ளி என்பது ஹாக்கிக் கணக்கு. 2017-18 பருவத்தில் பாஸ்டன் கல்லூரியின் டேரில் வாட்ஸ், டொரன்டோ பெண், 38 ஆட்டங்களில் 42 கோல், 40 பாஸ் என 82 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆண்டின் பாட்டி கஸ்மையர் விருது அவருக்குப் போனது. பிரின்ஸ்டன் அணியின் தடுப்பாட்டக்காரராக இருந்து, 1990-இல், 28 வயதில், அரிய ரத்த நோயால் இறந்தவரின் பெயரில் 1998 முதல் ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்குத் தரப்படுவது அது. இருபது வருஷத்தில் முதன்முறையாக ஒரு முதலாண்டு மாணவி வாங்கினார். அதன்பின் 2025 வரை வேறு எந்த முதலாண்டு மாணவிக்கும் கிடைக்கவில்லை.

வாட்ஸின் ஆட்டத்தைக் குறைத்துச் சொல்ல விருப்பமில்லை. ஆனால் அது ஒலிம்பிக் ஆண்டு. நாட்டின் தலைசிறந்த கல்லூரிப் பெண்கள் சிலர் தேசிய அணியோடு இருந்தார்கள். பாஸ்டன் கல்லூரியிலிருந்தே மேகன் கெல்லர் உட்பட மூவர் போயிருந்தார்கள். 2012-13-இல் மினசோட்டாவின் ஹன்னா பிராண்ட்டும் முதலாண்டில் சரியாக 82 புள்ளிகள்தான் எடுத்தார். அவருக்கு விருது இல்லை. காரணம், அவர் அணியிலேயே அமான்டா கெஸ்ஸல் 101 எடுத்திருந்தார். அந்த அணி 41 ஆட்டங்களில் 41-ஐயும் ஜெயித்தது. ஒரே எண்தான். ஒருவர் சரித்திரத்தில் ஏறினார், இன்னொருவர் ஒரு மகத்தான அணியின் இரண்டாவது பெயராக நின்றார். இப்படிப்பட்ட பெரிய எண்களில் பலசாலி அணிகள் பலவீன அணிகளைப் போட்டுத் தாக்கும் ஆட்டங்களின் பங்கும் உண்டு. என்னைக் கேட்டால், ஒரு கோலுக்கு மேல் யாருக்கும் இடம் தராத இரண்டு சமபலமான அணிகளின் நடுவே ஜாய் டன் போட்ட அந்த ஒன்றை 82-க்கு மேலே வைப்பேன். இன்று அமெரிக்காவில் பதிவு செய்து ஹாக்கி ஆடும் பெண்கள் 90,000-க்கும் மேல். அடித்தளம் அகன்றதால் மேலே எண்கள் சிறுத்தன, ஆட்டம் பெருத்தது. உடலால் இடித்துத் தள்ளும் ‘செக்கிங்’ கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் கூடாது என்பதால், பதினெட்டு வயதுக்காரர் இருபத்திரண்டு வயதுக்காரரின் எடைக்கு அஞ்ச வேண்டியதும் குறைவு.

ஆண்கள் பக்கம் கதை வேறு. ஜாக் ஐக்கல் 2015-இலும், ஆடம் ஃபன்டில்லி 2023-இலும், மாக்லின் செலப்ரினி 2024-இலும் முதலாண்டிலேயே கல்லூரி ஹாக்கியின் உச்ச விருதான ஹோபி பேக்கரை வாங்கினார்கள். மூவரும் அந்த ஒரு வருஷத்தோடு என்.எச்.எல்.-க்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய இரண்டாம் ஆண்டு எப்படியிருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பெண்களுக்கு அப்போது அந்த வசதியும் இல்லை, அந்தத் தப்பித்தலும் இல்லை. வாட்ஸ் மிச்ச வருஷங்களையும் ஆடித்தான் தீர வேண்டியிருந்தது, அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று அதற்குள் தெரிந்துவைத்திருந்த அதே எதிரணிகளுக்கு எதிராக. முதலாண்டு விருதோடு அவர் அணி கோப்பையின் கிட்டேகூடப் போகவில்லை. கடைசி நான்கு அணிகளிலேயே இடமில்லை. இரண்டு வருஷம் கழித்து விஸ்கான்சினுக்கு மாறினார். 2020-இல் கொரோனாவால் தேசியப் போட்டி ரத்தானது. 2021 இறுதிப் போட்டி நார்த்ஈஸ்டர்னோடு. 1-1, கூடுதல் நேரம். கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து வாட்ஸ் தட்டிய பக் எதிரணித் தடுப்பாட்டக்காரர்மீது பட்டு வலைக்குள் திரும்பியது. வலையில் நின்றவர் ஏரின் ஃபிராங்கல், அந்த ஆண்டின் கஸ்மையர் விருதுக்காரர். 82 புள்ளிகள் தராத கோப்பையை ஒரு கோணல் துள்ளல் தந்தது.

2018-19-இல் பிரின்ஸ்டனின் முதலாண்டு மாணவியாக 29 ஆட்டங்களில் 57 புள்ளிகள் எடுத்தவர் கனடாவின் சாரா ஃபிலியர். படிப்பு முடித்து வெளியே வந்தபோது அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. 2024 ஜனவரி 1-ஆம் தேதி பி.டபிள்யூ.எச்.எல். என்ற தொழில்முறை லீக் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டுத் தேர்வில் நியூயார்க் அணி முதல் ஆளாக அவரை எடுத்தது. 24 வயதில் அவர் மறுபடியும் முதல் வருஷத்துக்காரர். 2024-25 பருவத்தில் 29 புள்ளிகளோடு லீக் பட்டியலின் உச்சியில் நின்றார், சிறந்த புதுமுக விருதும் வாங்கினார். உச்சியில் அவரோடு சமமாக 29 எடுத்து நின்றவர் பாஸ்டனின் ஹிலரி நைட், வயது 35. நைட் விஸ்கான்சினில் முதலாண்டு ஆடியது 2007-08-இல். இடைப்பட்ட காலத்தில் அவர் ஆடிய லீக்குகளில் ஒன்றான சி.டபிள்யூ.எச்.எல். பணமில்லாமல் 2019-இல் மூடப்பட்டது.