வயிற்றுக்குள் ஒரு சத்திரம்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், கூரத்தாழ்வான் அவதரித்த ஊர். காலையிலிருந்து இரவு வரை அவர் வீட்டில் அன்னதானம் நடக்குமாம். இரவில் மாளிகைக் கதவைச் சாத்துகிற ஓசை, காஞ்சி வரதராஜப் பெருமாள் சந்நிதி வரையில் கேட்டது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள்.

அப்படி ஒரு சத்திரம் உங்களிடமும் இருக்கிறது. பிச்சைக்காரனுக்கு ஒரு பிடி அரிசி போடாத கருமியிடமும் உண்டு. அதுதான் குடல்! நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன, பெரும்பாலானவை பெருங்குடலில். கிருமி என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். இந்த விருந்தாளிகள் சும்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் அல்ல. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைச் செரிக்கிறார்கள். நோயை எதிர்க்கும் நம் வெள்ளை அணுக்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள்.

அந்த வெள்ளை அணுக்கள் புற்றுநோயையும் எதிர்க்கக்கூடியவை. ஆனால் புற்றுநோய் தந்திரசாலி. அவற்றுக்குப் பிரேக் போட்டு நிறுத்திவிடுகிறது. அந்தப் பிரேக்கை விடுவிக்க வழி கண்டதற்காக அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானியரான டசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து அருமையானதுதான். ஆனால் ஒருவரைப் பிழைக்க வைக்கிற மருந்து, அடுத்த கட்டில்காரரிடம் பலிக்காமல் போகிறதே, ஏன்?

சிகாகோவில் ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டு இடங்களில் வாங்கிய ஒரே ஜாதி எலிகளில், ஒரு கூட்டத்துக்குக் கட்டி வேகமாக வளர்ந்தது. மற்றதற்கு மெதுவாக வளர்ந்தது. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டார்கள். வித்தியாசம் மறைந்துவிட்டது! குடல் கிருமிகள் இடம் மாறியதுதான் காரணம் என்று 2015-ல் வெளியிட்டார்கள்.

2018-ல் பாரீஸ் விஞ்ஞானிகள், இந்தச் சிகிச்சை தொடங்கும் சமயத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நோயாளிகளுக்குப் பலன் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அடுத்த செய்தியைக் கேட்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள். மருந்தால் குணம் கண்டவரின் மலத்திலிருந்து கிருமிகளை எடுத்து, குணம் காணாதவரின் குடலில் சேர்த்து, மறுபடியும் அதே மருந்தைக் கொடுத்தார்கள். 2021-ல் வெளியான முடிவுப்படி, இஸ்ரேலில் 10 பேரில் 3 பேருக்கு நல்ல பலன் தெரிந்தது. சிறிய சோதனைதான், ஆனாலும் கைவிட்ட மருந்து மறுபடி கைகொடுத்தது அல்லவா?

"அப்படியானால் எந்தக் கிருமி மாத்திரை வாங்கலாம்?" என்று கேட்காதீர்கள். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு இந்தச் சிகிச்சை பெற்றவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து, அதே 2021-ல் வெளியிட்டார்கள். தினம் 20 கிராமாவது நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு நோய் அதிக நாள் அடங்கியிருந்தது. கடையில் வாங்கிய கிருமி மாத்திரையால் அனுகூலம் தெரியவில்லை.

காஞ்சிபுரம் இட்லி மாவு புளிப்பதும் கிருமிகளால்தான். ஆனால் ஆவியில் வெந்ததும் அவை மடிந்துவிடும். ஆகவே உள்ளே இருக்கிற விருந்தாளிகளைக் கவனியுங்கள். கீரை, அவரைக்காய், சுண்டல், கேழ்வரகு - இவைதான் அவர்களுக்கு அன்னதானம். சிகிச்சையில் இருப்பவர் மட்டும் எதைச் சாப்பிடலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஜலதோஷத்துக்கெல்லாம் அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்காதீர்கள்; டாக்டர் கொடுத்தால் தட்டாதீர்கள்.

இன்னொன்று. சுண்டல் தின்று புற்றுநோயைக் குணப்படுத்த முடியாது. ஆறாத புண்ணோ, புதிதாய் ஒரு கட்டியோ கண்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணாவை 1969-ல் நம்மிடமிருந்து பறித்தது இந்த நோய்தான். அவர் பெயரில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. கூரத்துக்காரர்களுக்கு அது தூரமே இல்லை. வயிற்றுச் சத்திரத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்; வியாதியை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.