குதிரைக்குப் பதிவேடு, சிப்பிப்பாறைக்கு வாய்ப்பேச்சா?

பந்தயக் குதிரையை "நல்ல ஜாதிங்க" என்று வாயால் சொல்லி விற்க முடியாது. தாயும் தகப்பனும் வம்சப் பதிவேட்டில் இருக்க வேண்டும். குட்டியின் மரபணுவையும் சோதிப்பார்கள். இங்கிலாந்தில் அந்தப் பதிவேடு 1791லேயே அச்சாகிவிட்டது. ஐரோப்பாவில் குதிரைக்குப் பாஸ்போர்ட்டே உண்டு!

நம்ம பக்கம் வருவோம். திருவேங்கடத்துக்கு அருகே இருக்கிறது சிப்பிப்பாறை. அந்த ஊர்ப் பெயர் கொண்ட வேட்டை நாயை 2020ல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் தனி இனமாகப் பதிவு செய்தது. கூடவே ராஜபாளையம், முதோல். நாட்டிலேயே முதலில் பதிவான நாயினங்கள் இவைதான்.

சந்தோஷம். ஆனால் பதிவானது இனம்தானே தவிர, உங்களிடம் நீட்டப்படும் குட்டி அல்ல. அதன் அப்பன் ஆத்தாள் யார் என்பதற்கு அந்தப் பதிவு சாட்சி சொல்லாது. அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். சென்னையில் இயங்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அதைத் தருகிறது. எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்?

"பார்த்தாலே தெரியும்" என்பார்கள் பெரியவர்கள். கண்ணுக்கு உடம்பு தெரியும், பாட்டன் தெரியுமா? ஒரே வயிற்றுக் குட்டிகளை இணை சேர்த்தது தெரியுமா?

கலப்புக்கும் அசலுக்கும் ஒரே விலை என்றால், அசலை வளர்ப்பவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? அவர் கடையைக் கட்டினால் மிஞ்சுவது பெயர் மட்டும்தான். அடுத்த முறை குட்டி வாங்கும்போது விலையைக் கேட்கும் முன் சான்றிதழைக் கேளுங்கள்.