இரண்டாம் பாகமும் நான் பதில் சொல்லாத கேள்வியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

விடுமுறைக்குப் பேரன் வந்திருக்கிறான். இருவருமாக மேட்ரிக்ஸ் படங்களை வரிசையாகப் பார்த்தோம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மனிதர்களைத் தொட்டிகளில் படுக்கவைத்து, மூளைக்குள் ஒரு பொய்யுலகத்தை ஓட்டுகின்றன இயந்திரங்கள். நாம் வாழ்வதாக நினைப்பதெல்லாம் அந்தப் பொய்க்குள்தான். 1999இல் வந்த முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு அவன் இரவு பதினொரு மணி வரை என்னைத் தூங்கவிடவில்லை. "தாத்தா, நாமளும் உள்ளதான் இருக்கோமா?"

மறுநாள் 2003இல் வந்த 'ரீலோடட்'. முக்கியமான கட்டத்தில் பையன் குறட்டை விட்டான்!

அவனைக் குறை சொல்ல மாட்டேன். முதல் பாகத்தில் நியோ அடி வாங்கினான், செத்தும் பிழைத்தான். நமக்கும் பதைத்தது. இரண்டாம் பாகத்தில் அவனுக்குப் பறக்கவே தெரியும். நூறு ஸ்மித்துகள் சூழ்ந்து அடிக்கிறார்கள், அவனும் சளைக்காமல் அடிக்கிறான், கடைசியில் ஜிவ்வென்று பறந்துபோய்விடுகிறான். முதலிலேயே பறந்திருக்கலாமே! ஆபத்து இல்லாத சண்டை வெறும் உடற்பயிற்சிதான்.

படத்தின் மிகச் சிறந்த காட்சி நெடுஞ்சாலைத் துரத்தல். அதற்காகவே கலிபோர்னியாவின் அலமேடாவில் ஏறக்குறைய ஒன்றரை மைல் நீளத்துக்குச் சாலை போட்டார்கள். ஆனால் அது நம்மைப் பிடித்து உட்காரவைப்பது செலவினால் அல்ல. நியோ அங்கே இல்லை. இருப்பவர்கள் டிரினிட்டியும் மார்ஃபியஸும், விழுந்தால் சாகக்கூடியவர்கள். நியோ கடைசி நொடியில்தான் வருகிறான்.

இன்னொரு குறை. கதையின் சில துண்டுகளை 'என்டர் தி மேட்ரிக்ஸ்' என்ற வீடியோ கேமிலும் 'அனிமேட்ரிக்ஸ்' குறும்படங்களிலும் வைத்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கியவனுக்கு முழுக்கதை தரவேண்டாமா? முடிவிலும் நியோவை மயக்கத்தில் கிடத்திவிட்டு, மீதி அடுத்த பாகத்தில் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் இந்தத் தொடரின் மிகப் பெரிய சிந்தனை இந்தப் பாகத்தில்தான் இருக்கிறது. மேட்ரிக்ஸை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் நியோவிடம் சொல்கிறார்: நீ முதல் இரட்சகன் அல்ல, ஆறாவது ஆள். மனிதர்களின் கடைசி நகரமான சயானை ஏற்கெனவே ஐந்து முறை அழித்திருக்கிறோம். இரட்சகன் வருவான் என்ற நம்பிக்கையே எங்கள் ஏற்பாடுதான்.

முதல் பாகத்தில் நாம் நம்பிய அத்தனையையும் புரட்டிப் போடும் இடம் இது. அதை எப்படிச் சொல்கிறார்கள்? வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அகராதி தேடவேண்டிய ஆங்கிலத்தில் விரிவுரை நிகழ்த்துகிறார். பேரன் தூங்கியது அங்கேதான். முதல் பாகம் காட்டியது, இது சொன்னது. மதிய உணவுக்குப் பிந்தைய பீரியடில் என் வகுப்பும் பல நாள் இப்படித்தான் இருந்திருக்கும். தூங்கியவர்களை எழுப்பி நிற்கவைத்ததற்கு இப்போது வருந்துகிறேன்.

வருத்தம் இன்னொன்றும் உண்டு. 2003இல் தியேட்டரில் பார்த்துவிட்டு எரிச்சலோடு வந்தவன் நான். அந்த வாரம் பிளஸ் டூ மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், கலகம் பண்றவனும் அவங்க போட்ட திட்டம்னா, அப்புறம் எது சார் கலகம்?" நான், "அது குப்பைப் படம்டா, நோட்டை எடு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் அதற்குப் பிறகு என்னிடம் பாடத்துக்கு வெளியே எதுவும் கேட்கவில்லை.

தம்பி, பெயர் போடவில்லை, உனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் தாமதமான பதில் இது. நியோவின் முன்னால் இரண்டு கதவுகள். ஒன்றில் போனால் மனித இனம் பிழைக்கும், பழைய சுழற்சியும் தொடரும். முன்னால் வந்த ஐந்து பேரும் அதில்தான் போனார்கள். மற்றதில் போனால் டிரினிட்டியைக் காப்பாற்ற முயலலாம். இவன் அவளுக்காகப் போகிறான். அவனை உருவாக்கியது அவர்களாக இருக்கலாம், ஆனால் அந்தக் கதவைத் திறந்த கை அவனுடையது. அதுதான் கலகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படம் ஏமாற்றம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் உன் கேள்வி குப்பை இல்லை. இந்தப் பதில் சரியா தவறா, கமெண்டில் எழுது. இந்த முறை நான் கேட்டுக்கொள்கிறேன்.