பிறந்த மாதம் கேட்கும் போர்க்களம்

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1997இல் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்' விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதன் கதையைத்தான் புகழ்கிறார்கள். யசுமி மட்சுனோ இயக்கிய அந்தக் கதை புகழுக்கு உரியதுதான். ஆனால் அந்த விளையாட்டின் அரசியல் வசனங்களைவிடச் சண்டை விதிகளில்தான் கூடுதலாக இருக்கிறது என்பேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவாலிஸ் என்றொரு கற்பனை நாடு. ஐம்பதாண்டுப் போர் முடிகிறது. அதில் ரத்தம் சிந்திய சாமானியப் படைவீரர்களைச் சம்பளம்கூடக் கொடுக்காமல் துரத்திவிடுகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பிரபுக்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்கிறார்கள். அவர்களை ஒடுக்கப் போகிறவன் ராம்சா, பெரிய பிரபு வீட்டுப் பிள்ளை. நாம் ஆடுவது அவனாகத்தான். அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்த டெலிடா சாமானியன். டெலிடாவின் தங்கை பிணையாகப் பிடிபடும்போது அவள் உயிருக்கு என்ன விலை என்பதை ஒரு கோட்டை வாசலில் வைத்துக் காட்டுகிறார்கள். பிறப்புதான் எல்லாம் என்கிறது அந்த நாடு.

இனிச் சண்டைக்கு வருவோம். சதுரங்கப் பலகை போல் மேடும் பள்ளமுமான களம். ஒவ்வொருவருக்கும் வேகம் என்றொரு எண் உண்டு. அது கூடிக்கூடி 100ஐத் தொட்டால் அவர் முறை வரும். நகர்ந்து, அடித்து முடித்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். எதுவும் செய்யாமல் காத்திருந்தால் 40 கையிருப்பாக நிற்கும். முதுகில் அடித்தால் தப்புவது கடினம். மந்திரம் சொல்ல நேரம் பிடிக்கும், அதற்குள் எதிரி நகர்ந்துவிடலாம்.

இதில் என்னை இழுத்தது தொழில் முறை. கூலிக்கு அமர்த்தும் எந்த வீரரும் தொடக்கத்தில் எடுபிடி வீரர், மருந்துக்காரர் ஆகிய இரண்டு தொழில்களில்தான் நிற்பார். செய்யச் செய்யப் புள்ளிகள் சேரும், அடுத்த தொழிலின் கதவு திறக்கும். எடுபிடி மாவீரராகலாம், மாவீரர் துறவியாகலாம், மருந்துக்காரர் மந்திரவாதியாகலாம். தொழில் மாறினாலும் கற்றது கையைவிட்டுப் போகாது. கத்தி பிடித்தவர் நெருப்பு மந்திரத்தையும் சொல்வார். ஒருவர் உழைத்துப் பெறும் புள்ளியில் கால் பங்கு களத்தில் உடன் நிற்பவர்களுக்கும் அந்தத் தொழிலில் சேர்கிறது. யாருக்கு எந்த வித்தை என்று பிறப்பைக் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. கதை மூடிவைத்த கதவை விதி திறந்துவிடுகிறது.

முழுதாகத் திறந்துவிட்டதா என்றால், இல்லை. பாணர் தொழில் ஆணுக்கு மட்டும், நடனம் பெண்ணுக்கு மட்டும். ஆணுக்குக் கைபலம் கூடுதல், பெண்ணுக்கு மந்திரபலம் கூடுதல் என்று பிறக்கும்போதே எழுதிவைத்துவிடுகிறார்கள். அதைவிட ராசி! அடிப்பவர் ராசியும் அடிபடுபவர் ராசியும் பொருந்தினால் சேதம் 25 விழுக்காடு, சில இணைகளுக்கு 50 விழுக்காடு கூடும். பொருந்தாவிட்டால் அதே அளவு குறையும். வைத்தியம் பார்த்தாலும் இதே கணக்குதான். எவ்வளவு உழைத்தாலும் ராசி மாறாது. கல்யாணத் தரகர் கட்டம் பார்ப்பது போல எதிரியின் பிறந்த மாதத்தைப் பார்த்துவிட்டு நான் அம்பு விட்டிருக்கிறேன். இதை ஒரு சுவாரசியமான சிக்கல் என்று ரசிகர்கள் சொல்வார்கள். எனக்கு அது பின்வாசல் வழியாகப் பிறப்பு உள்ளே நுழைந்ததாகவே படுகிறது.

இன்னொன்று. முதல் அத்தியாயத்தில் மிலூடா என்றொரு பெண் வருகிறாள். கிளர்ச்சிக்காரர்களின் தலைவனுடைய தங்கை. நாங்கள் கால்நடைகள் அல்ல, மனிதர்கள் என்பதுதான் அவள் பேச்சின் சாரம். அவள் சொல்வது சரியென்று ராம்சாவுக்கே உறைக்கத் தொடங்குகிறது. ஆனால் அவளை வீழ்த்தாமல் கதை நகராது. அந்தக் கட்டளையைக் கொடுக்கும் விரல் நம்முடையது. சமாதானம் என்றொரு பொத்தான் இல்லையே என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். மேட்டுக்குடியின் கையாளாக இருப்பது எப்படி இருக்கும் என்பதை எந்த வசனத்தாலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது.

குறை சொல்ல வேண்டியது நான்காம் அத்தியாயத்தை. ஆர்லாண்டோ என்ற புகழ்பெற்ற தளபதி அணியில் சேர்கிறார். எல்லா வாள் வித்தைகளும் அவருக்குத் தெரியும். நாற்பது மணிநேரம் அடியும் உதையும் வாங்கி வளர்ந்த நம் கூலி வீரர்கள் அவர் முன் ஒன்றுமில்லை. பெயர்பெற்றவர்களின் சிறப்புத் தொழில்களை அவர்கள் கற்கவும் முடியாது. கூலி வீரர் ஒருவர் களத்தில் விழுந்தால் மூன்று முறை எண்ணுகிறார்கள். அதற்குள் எழுப்பாவிட்டால் உடல் ஒரு படிகமாகவோ புதையல் பெட்டியாகவோ மாறிவிடும். படிகத்தைத் தொட்டவர் செத்தவரின் வித்தைகளை எடுத்துக்கொள்ளலாம். அதோடு பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விடும்.

என் அணியில் தொடக்கத்திலிருந்தே வந்த மருந்துக்காரி ஒருத்தி இருந்தாள். கடைசிச் சண்டைவரை அவளையே அழைத்துப் போனேன். ஆர்லாண்டோ கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்.