மின்னஞ்சல் இடமாற்றமும் நம் சங்கங்களும்

மத்திய சர்க்கார் ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல், தேசியத் தகவலியல் மையத்தின் அமைப்பிலிருந்து சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் அமைப்புக்கு மாற்றப்பட்டதாக 2025-ஆம் ஆண்டில் பத்திரிகைகள் எழுதின. இதைப் படித்த நெசவாளர் சங்க அன்பர் ஒருவர், "இதற்கும் தறிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நம்மைக் கேட்டார். சம்பந்தம் உண்டு. நூலுக்கான இண்டெண்டு, தள்ளுபடி மானியக் கோரிக்கை, ரொக்கக் கடன் வரம்பு பற்றிய பாங்கிக் கடிதம், கரும்புக் கொள்முதல் அறிவிப்பு யாவும் இன்று இவ்வழியேதான் வருகின்றன. தலைமைச் சங்கங்களும் பெரிய யூனியன்களும் இத்தகைய மாற்றத்தை என்றேனும் செய்தே தீர வேண்டியிருக்கும்.

ஒற்றைச் சர்வரில் எல்லாக் கடிதங்களையும் வைத்திருப்பது, கிராமத்து நெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைப்பது போன்றது. அதன் தட்டு பழுதானால் அன்றைய அலுவலே நின்றுவிடும். ஆகவேதான் கிளஸ்டர் என்னும் சர்வர்த் தொகுதியை நாடுகின்றனர். ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் ஒன்றுக்கு மேற்பட்ட இயந்திரங்களில் இருக்கும். ஒன்று விழுந்தால் மற்றொன்று வேலையை ஏற்கும். இரண்டே இயந்திரங்கள் இருந்து, அவற்றிடையே உள்ள இணைப்பு அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது செத்ததென்று எண்ணித் தானே தலைமை ஏற்கும். கணக்கு இரண்டாகப் பிளக்கும். இதைத் தவிர்க்கவே மூன்று அல்லது ஐந்து என ஒற்றைப்படையாக வைத்து, பெரும்பான்மை உள்ள பக்கமே இயங்க வேண்டுமென விதிக்கிறார்கள். இதற்கு அவர்கள் சூட்டியுள்ள பெயர் 'கோரம்'. நம் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் கோரம் சேராமல் எழுந்து போன அனுபவம் உடையவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. நான்காவது இயந்திரத்தை விலைக்கு வாங்கினால் மூன்று தரும் பாதுகாப்புக்கு மேல் இவ்விஷயத்தில் எதுவும் கிடைப்பதில்லை என்பதையும் கொள்முதல் குழுவினர் அறிந்திருத்தல் நலம்.

ஆனால் தொகுதி அமைத்துவிட்டோம், இனிக் காப்புப் பிரதி எதற்கு என்று சிலர் பேசக் கேட்கிறோம். இது பெருந்தவறு. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் கூகுளின் ஜிமெயிலில், புதிதாக நிறுவிய சேமிப்பு மென்பொருளின் பிழையால், ஒரு சிறு பகுதியினரின் கடிதப் பெட்டிகள் வெறுமையாயின. பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளையும் அப்பிழை பாதித்தது. இறுதியில் கடிதங்களை மீட்டது, எந்த இணைப்புமின்றித் தனியே வைத்திருந்த காந்த நாடாக்களே. தவறாக அழித்த கடிதம் எல்லா இயந்திரங்களிலும் ஒரே நேரத்தில் அழியும். அது தொகுதியின் குணம்.

மாற்றும் முறையிலும் நிதானம் வேண்டும். முதலில் பழைய கடிதங்களை எல்லாம் புதிய இடத்துக்குப் பிரதி செய்து, பின் இடைக்காலத்தில் வந்தவற்றை மட்டும் மீண்டும் சேர்த்து, இறுதியிலேயே இனி இங்கே கொண்டு வருக என்று உலகுக்கு அறிவிக்கும் பதிவை மாற்ற வேண்டும். அப்பதிவைப் பிற சர்வர்கள் எத்தனை நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவை ஓரிரு நாள் முன்பே குறைத்து வைத்தால் குழப்பம் சுருங்கும். சில மணி நேரம் கதவு மூடியிருந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை. கடிதம் அனுப்பும் சர்வர் நான்கைந்து நாட்கள்வரை திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பது மின்னஞ்சல் விதியிலேயே உள்ளது.

நம் கவலை வேறு. பிரதி செய்வோர் கவனக் குறைவாயிருப்பின், ஏழாண்டுக்கு முன் வந்த கடிதமும் மாற்றிய நாளன்று வந்து சேர்ந்ததாகப் பட்டியலில் நிற்கும். தணிக்கையில் தேதியே சாட்சி. கெடுவுக்கு முன் கோரிக்கை வந்ததா, பின் வந்ததா என்ற வழக்கில் ஒரு சங்கத்தின் மானியமே தொங்கக்கூடும். ஆகையால் ஒரு பிரிவின் பெட்டிகளை முதலில் மாற்றி, பழைய கடிதங்களைத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த பிரிவைத் தொடுதல் வேண்டும். தீபாவளி விற்பனைக் காலத்திலும் அரவைப் பருவத்திலும் இதில் கை வைப்பது அறிவீனம். பழைய சர்வரையும் ஓர் ஆண்டுத் தணிக்கை முடியும்வரை அணைத்துவிடாமல் வைத்திருப்பதே நம் அபிப்பிராயம். மின்சாரச் செலவு ஒரு பொருட்டன்று.

மத்திய சர்க்காரின் மாற்றத்தில் நாம் மெச்சுவது ஒன்று: இடம் மாறியும் முகவரிகள் சர்க்கார் பெயரிலேயே நிற்கின்றன. நாளை வேறிடம் செல்லினும் அவை மாறா. நம் சங்கங்கள் பலவற்றில் முகவரியே காரியதரிசியின் சொந்த முகவரியாயிருக்கிறது. நாம் விசாரணைக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், இரண்டு வருஷத்து நூல் இண்டெண்டுகளைக் காட்டும்படி கேட்டோம். பொறுப்பு ஒப்படைத்த பட்டியலில் இரும்புப் பெட்டியின் சாவி முதல் மைப்புட்டிவரை இருந்தன. கடிதங்கள் மட்டும் ஓய்வுபெற்ற காரியதரிசியின் கைபேசியில் இருந்தன. அவரோ மகள் வீட்டுக்குப் பெங்களூர் சென்றிருந்தார். புதியவர் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கடவுச்சொல்லைக் கேட்டார். அது தமக்கு மறந்துபோயிற்று என்று விடை வந்தது.