முட்டுக்கட்டை போடுங்கள்!

"ஒரு நிமிஷம்தான் அண்ணாச்சி, டீ குடிச்சிட்டு வந்திடுறேன்!"

மேம்பால இறக்கத்தில் மினி வேனை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்குகிறார். வேனில் முழு லோடு.

"ஹேண்ட் பிரேக் பிடிக்குதா தம்பி?" என்று கடைக்காரர் கேட்கிறார்.

"அது எப்பவோ போச்சு அண்ணாச்சி. கியர்லதான் நிக்குது!"

விருதுநகர் பஜாரிலும், சிவகாசி ரத வீதிகளிலும், சாத்தூர் ரோட்டிலும் எந்த நாளும் காதில் விழக்கூடிய பேச்சு இது. சிரித்துக்கொண்டே சொல்கிற அந்தப் பதிலில் ஓர் உயிர் ஊசலாடுகிறது. அது டிரைவரின் உயிராக இருக்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் உயிராகவும் இருக்கலாம்.

ஆள் இல்லாமல் ஓடிய ரயில்

நிறுத்திய வண்டி தானாக ஓடுமா என்று கேட்பவர்களுக்கு, கத்துவா ரயிலே பதில் சொல்லும்.

2024-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி. ஜம்மு பக்கம் கத்துவா ரயில் நிலையத்தில் ஜல்லி ஏற்றிய சரக்கு ரயில் நின்றது. 53 பெட்டிகள். டிரைவர் இறங்கிப் போனார். கைப் பிரேக் போடவில்லை என்று பிறகு சொல்லப்பட்டது. சரிவில் ரயில் மெல்ல நகர்ந்தது. அப்புறம் வேகம் பிடித்து, 70 கிலோ மீட்டருக்கு மேல் ஆள் இல்லாமலே ஓடியது!

பஞ்சாபில் ஊஞ்சி பஸ்ஸி நிலையம் அருகே அதை நிறுத்தினார்கள். எதைக் கொண்டு? தண்டவாளத்தில் வைத்த மரக்கட்டைகளைக் கொண்டு! நல்ல வேளை, யாருக்கும் காயம் இல்லை.

கனடா நாட்டு லாக்-மெகாந்திக் ஊருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2013 ஜூலை 5-ந் தேதி இரவு 72 டாங்கர்களில் எண்ணெய் ஏற்றிய ரயிலைச் சரிவில் நிறுத்திவிட்டுப் போனார்கள். எஞ்சின் அணைந்ததும் காற்று பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. போட்டிருந்த கைப் பிரேக்குகள் போதவில்லை. நள்ளிரவில் உருண்டு வந்து ஊர் நடுவே கவிழ்ந்து வெடித்தது. 47 பேர் பலியானார்கள்.

இரண்டு இடத்திலும் பாடம் ஒன்றுதான். ஒரு பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது!

"சமபூமிதானே!"

"இது என்ன கொடைக்கானலா? கரிசல் காடு, சமபூமிதானே!" என்பார்கள்.

கண்ணுக்குச் சமமாகத் தெரியும் ரோடெல்லாம் சமம் அல்ல. மழை பெய்யும்போது பார்த்தால் புரியும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கம் வண்டியும் ஓடும். ரயில்வே மேம்பாலம், குடோன் வாசல் சாய்தளம், கண்மாய்க்கரை ரோடு என்று சரிவுகள் எத்தனையோ இருக்கின்றன. லோடு ஏற்றி இறக்கும்போது வண்டி குலுங்கும். நின்ற வண்டி நகர அந்தக் குலுக்கலே போதும்.

அதிலும் இது கந்தக பூமி. வேறு ஊரில் உருண்ட வேன் சுவரில் மோதினால் பம்பர் நசுங்கும். பட்டாசு லோடு ஏற்றிய வேன் மோதினால்? உராய்வு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று சிவகாசி வட்டாரத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பிரேக் ஏன் ஏமாற்றுகிறது?

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். லிவரை இழுத்தால் கேபிள் இழுபடும். கேபிள் பிரேக் ஷூவை அழுத்தும். நாளாக ஆக கேபிள் நீளும், துருப்பிடிக்கும். ஷூ தேயும். ஒரு காலத்தில் கொஞ்சம் இழுத்தாலே பிடித்த பிரேக், பிறகு லிவர் உச்சிக்கு வந்தாலும் பிடிக்காது.

கியரும் முழுக் காவல் அல்ல. பழைய எஞ்சினில் கம்ப்ரஷன் குறைந்திருந்தால், கியரில் கிடந்தாலும் வண்டி இஞ்சு இஞ்சாக நகரும்.

பிரேக்கைச் சோதிப்பது பெரிய வித்தை இல்லை. முன்னும் பின்னும் ஆள் இல்லாத லேசான சரிவில் வண்டியை நிறுத்தி, கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். நியூட்ரலுக்கு வந்து, காலை மெல்லத் தளர்த்துங்கள். வண்டி நகர்ந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் போக வேண்டும். மாதக் கடைசி, சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போடும் காரியம் அல்ல இது.

அதுவரை என்ன செய்வது?

முதலில் சமமான இடம் தேடுங்கள். சரிவில்தான் நிறுத்த வேண்டும் என்றால், மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர் போடுங்கள்.

ஸ்டியரிங்கைத் திருப்பி வையுங்கள். இறக்கத்தைப் பார்த்து நிற்கும் வண்டியின் முன் சக்கரம் இடப்பக்கம், ரோட்டு ஓரத்தைப் பார்க்க வேண்டும். மேட்டைப் பார்த்து நின்றால், பிளாட்பாரம் இருக்கும் இடத்தில் வலப்பக்கம் திருப்புங்கள். பின்னால் உருண்டாலும் டயர் பிளாட்பாரத்தில் முட்டி நிற்கும். பிளாட்பாரம் இல்லாத இடத்தில் இடப்பக்கம் திருப்ப வேண்டும். வண்டி நடுரோட்டுக்கு வராமல் ஓரமாக ஒதுங்கும்.

பிறகு சக்கரத்துக்குக் கட்டை. வண்டி எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கம், டயரை ஒட்டி, குறைந்தது இரண்டு சக்கரங்களுக்கு. ஆப்பு மாதிரி சரிவாகச் செதுக்கிய மரக்கட்டை அல்லது ரப்பர் கட்டைதான் சரி. செங்கல் நொறுங்கும். உருண்டைக் கல் உருண்டு போகும். பட்டாசு ஆலைப் பக்கம் தீப்பொறி தெறிக்கக்கூடிய இரும்பு வேண்டவே வேண்டாம்.

பின் சக்கரத்துக்கு ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பிடிக்கிற இரண்டு சக்கரத்தில் ஒன்று அந்தரத்தில் நிற்கிறது. கட்டை வைக்காமல் கை வைக்காதீர்கள்!

கட்டையை எடுக்கும்போதும் அவசரம் கூடாது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கால் பிரேக்கை மிதித்த பிறகுதான் கிளீனர் குனிய வேண்டும். அதுவும் சக்கரத்தின் பாதையில் நிற்காமல், பக்கவாட்டில் நின்றுதான்.

இத்தனைக்கும் மீறி வண்டி உருண்டு விட்டால்? முன்னால் ஓடிப் போய்க் கையால் தடுக்காதீர்கள்! ஒரு டன் இரும்பை மார்பு கொடுத்து நிறுத்த எந்த பயில்வானாலும் முடியாது. சத்தம் போட்டு ஆட்களை விலக்குங்கள். போனால் வண்டி, வாங்கிக்கொள்ளலாம். உயிரை எந்தக் கடையில் வாங்குவது?

தேருக்குத் தெரிந்தது

இதெல்லாம் புதிய ஞானம் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். ஆனால் தேரைத் திருப்பவும் நிறுத்தவும், சக்கரத்தின் அருகே உயிரைப் பணயம் வைத்துக் கட்டை போட ஆட்கள் இருக்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் முட்டுக்கட்டை போடுவது நிற்கவில்லை.

அரசியல் மேடையில் முட்டுக்கட்டை என்பது வசைச் சொல். ரோட்டில் அதுதான் காவல் தெய்வம்!

கல்லை விட்டுப் போகாதீர்கள்

இன்னொரு கொடுமையையும் சொல்லியே ஆக வேண்டும். பஞ்சரான லாரிக்கு ரோட்டோரக் கல்லை அண்டக் கொடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் லாரி போய்விடுகிறது. கல் நடுரோட்டில் கிடக்கிறது. இருட்டில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் தொழிலாளியின் மோட்டார் சைக்கிள் அதில் ஏறுகிறது. தன் வண்டியைக் காக்க வைத்த கல், அடுத்தவன் குடும்பத்தைக் கெடுக்கலாமா?

கட்டையில் ஒரு துளை போட்டு, கயிறு கட்டி, மறுமுனையை வண்டியில் மாட்டிவிட்டால் மறக்கவே முடியாது. செலவு? ஒரு துண்டு மரம், ஒரு முழம் கயிறு!

யார் கவனிப்பது?

டிரைவர் இல்லாத நேரத்தில் வண்டி தானாக நகராதபடி, எஞ்சினை நிறுத்தி பிரேக் போட வேண்டும், அல்லது வேறு தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவு சொல்கிறது. பிரேக் போச்சு என்பது சாக்கு ஆகாது.

வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் எஃப்.சி.க்கு வரும் வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கைச் சரிவில் நிறுத்திப் பார்க்கலாம். ஆலை முதலாளிகளும் லாரி செட்காரர்களும், கட்டை இல்லாத வண்டிக்கு லோடு இல்லை என்று ஒரு போர்டு மாட்டலாம். தீபாவளிக்கு முன்னால் வெளியூர்க் கார்கள் பட்டாசுக் கடைகளை மொய்க்கும். "நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க சார், நாங்க தள்ளிக்கிறோம்" என்று சொல்லும் பார்க்கிங் ஆட்களின் கையில் நாலு கட்டைகளைக் கொடுக்கலாம்.

பள்ளி வேன் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டும். எந்த உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

டீ ஆறிப் போனால் இன்னொரு டீ கிடைக்கும். இறங்கும் முன் ஒரு கட்டை போட்டுவிட்டுப் போங்கள் தம்பி!